வரையாடும் ஒரு சங்கமும்

புதுவையைச் சூழ்ந்த நாட்டில் மலை இல்லை. மூலக்குளத்திலிருந்து மேற்கு நோக்கிச் செல்வோர் வயலையும் தோப்பையும் ஊசுட்டேரியின் நீர்ப்பரப்பையும் காண்பரேயன்றிச் சிறு குன்றினையும் காணார். வில்லியனூர், பாகூர்ப் பகுதிகளில் உழவர்க்கு ஏரியே செல்வம். ஊரார் ஒன்றுகூடிக் கரையைச் செப்பனிடுவதும் வரத்து வாய்க்கால்களைத் தூர் வாருவதும் அங்கே பழைய வழக்கம். ஏரி ஒருவருடைய உடைமை அன்று. ஆதலின் அதனைக் காக்கும் கடமையும் பொதுவாயிற்று. பொதுப்பொருள் ஒன்றைக் காக்கப் பலர் தாமாகவே கூடும் இத்தகைய பணி சமவெளிக்கு மட்டும் உரியதன்று. தமிழகத்தின் மேற்கு எல்லையில் வானளாவி நிற்கும் நீலகிரியிலும் அத்தகைய சங்கம் ஒன்று 1877-ஆம் ஆண்டில் தோன்றியது. அது காக்க முனைந்தவற்றுள் தலையாயது ஒரு மலையாடு. அதனைக் காக்கப் புறப்பட்டவர் யாவர் எனின், அதனைச் சுட்டு வீழ்த்துவதில் பெருவிருப்புக் கொண்ட வேட்டைக்காரரே ஆவர்.

அவ்வாட்டிற்கு வரையாடு என்று பெயர். வரை என்னும் சொல் மலையைக் குறிக்கும். சங்கப் பாடல்களில் வருடை என்னும் பெயரால் வரும் விலங்கு இதுவே என்பர். உலகில் தென்னிந்தியாவின் மேற்கு மலைத்தொடரையன்றி வேறெங்கும் இஃது இயற்கையாக வாழ்வதில்லை. ஏறத்தாழ 1,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், புல்வெளியும் செங்குத்தான பாறையும் அடுத்தடுத்து அமைந்த இடமே இதற்கு ஏற்றது. புல்வெளியில் மேயும், பகையைக் கண்டால் பாறைக்குத் தாவும். மனிதன் கால் ஊன்றவும் இடமற்ற பாறை விளிம்பில் இதன் குட்டியும் அச்சமின்றி ஓடும். முதிர்ந்த கடாவின் உடல் கரும்பழுப்பாகி, முதுகில் மட்டும் சேணம் இட்டாற்போல வெண்ணிறம் படரும். பெயரில் ஆடு என்னும் சொல் இருப்பினும், இது செம்மறியின் கிளைக்கு நெருங்கிய உறவுடையது என்பதனை மரபணு ஆராய்ச்சி 2005-ஆம் ஆண்டில் வெளிப்படுத்தியது. இமயத்தில் வாழும் மலையாட்டுடன் இதனை ஒரே பேரினத்தில் வைத்து எண்ணிவந்த அறிஞர், அதன்பின் இதற்குத் தனிப்பேரினம் வகுத்தனர்.

கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரி மேல் ஏறினார். அவருக்குப் பின் ஆங்கிலேயர் பலர் அங்குக் குடியேறினர். உதகமண்டலம் சென்னை அரசாங்கத்தின் கோடைக்காலத் தலைநகராயிற்று. குளிர்ந்த காற்றை நாடி வந்த படைத்தலைவர்களுக்கும் தோட்ட முதலாளிகளுக்கும் வேட்டையே பொழுதுபோக்கு. கடமானும் வரையாடும் கணக்கின்றி வீழ்ந்தன. கருவுற்ற பெண் விலங்கென்றும் பால்குடி மாறாத குட்டியென்றும் பார்ப்பவர் இலர். அரை நூற்றாண்டு கழிந்தது. முன்னர் மந்தை மந்தையாக ஆடுகள் நின்ற பாறைகளில் நாள் முழுதும் அலைந்தும் ஒன்றையும் காணாது திரும்பும் நிலை நேர்ந்தது.

அந்நிலையில்தான் வேட்டைக்காரர் விழித்துக்கொண்டனர். விலங்கு அழிந்தால் வேட்டையும் அழியும் என்பதே அவர்களை வருத்திய எண்ணம். அருளுணர்வு அவர்களைக் கூட்டியது என்று சொல்வதற்கில்லை. எனினும் கூடினர். நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சங்கம் பிறந்தது. இரண்டாண்டு கழித்து, 1879-இல், சென்னை அரசாங்கம் நீலகிரிக்கென்றே வேட்டைச் சட்டம் ஒன்றை இயற்றியது. இன்ன காலத்தில் இன்ன விலங்கைக் கொல்லலாகாது என்று விதிக்க அச்சட்டம் இடம் தந்தது. இந்தியாவில் காட்டுவிலங்குப் பாதுகாப்பின் பொருட்டு எழுந்த பழைய சட்டங்களுள் இஃது ஒன்று.

சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதுமா? மூடுபனி கவிந்த மலையில் யார் எங்கே சுடுகிறார் என்பதை யார் பார்ப்பது? இக்குறையைச் சங்கம் நிறைத்தது. உரிமச்சீட்டு இன்றி வேட்டையாடலாகாது என்றும், பெண் ஆட்டையும் குட்டியையும் தொடலாகாது என்றும், முதுகு வெளுத்த முதிய கடாவையே குறிவைக்க வேண்டும் என்றும் விதிகள் அமைந்தன. காவலர் அமர்த்தப்பெற்றனர். மலையின் ஒவ்வொரு மடிப்பையும் அறிந்த அவர்கள் காற்றிலும் மழையிலும் நடந்தே காவல் புரிந்தனர். சங்கத்தின் ஏடுகளில் துரைமார் பெயர்கள் நிறைந்திருக்க, நடந்து தேய்ந்த கால்களுக்கு உரியவர் பெயர்கள் அருகியே காணப்படுவது வருந்தத்தக்கது.

இச்சங்கத்தின் செயல்கள் யாவும் போற்றத்தக்கன என்று கருதிவிடலாகாது. வேட்டைக்குரிய விலங்கைக் காப்பதாகக் கருதிப் புலியையும் சிறுத்தையையும் செந்நாயையும் பகையாக எண்ணிய காலம் அது. செந்நாயைக் கொன்றவர்க்குப் பரிசு வழங்கப்பெற்றது. தூண்டில் விளையாட்டின் பொருட்டு, அம்மலைக்கு உரியதல்லாத டிரவுட் மீனை அயல்நாடுகளிலிருந்து கொணர்ந்து ஓடைகளில் விட்டதும் அக்காலத்து வேலையே. ஊன் உண்ணாத் தோடர்கள் நெடுங்காலமாக அம்மலையில் எருமை மேய்த்து வந்தனர். அவர்களுடைய மந்தையால் வரையாடு அருகவில்லை. முக்குருத்திக் கொடுமுடி வழியே உயிர் மறுவுலகு செல்லும் என்பது அவர்தம் நம்பிக்கை. அவர்கள் புனிதமாகக் கருதிய அவ்விடமே வரையாட்டின் கடைசிப் புகலிடங்களுள் ஒன்றாக நிலைத்தது.

நீலகிரிக்குத் தெற்கே மூணாற்று மலைகளிலும் இதனை ஒத்த முயற்சி நடந்தது. தேயிலைத் தோட்டத்தினர் 1928-இல் அமைத்த சங்கம் ஒன்று இரவிகுளம் புல்வெளியைக் காத்து வந்தது. அங்குக் காவல் பூண்டவர்கள் முதுவர் என்னும் மலைமக்கள். அப்புல்வெளி 1975-இல் சரணாலயமாகவும், 1978-இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. இன்று வரையாடு மிகுதியாக வாழும் ஓரிடம் அதுவே.

நாடு விடுதலை பெற்ற பின்பு நீலகிரிச் சங்கம் மறைந்துவிடவில்லை. ஆங்கிலேயர் சென்றனர்; அவ்விடத்தில் இந்தியர் அமர்ந்தனர். அவர்களுள் குறிப்பிடத்தக்கவர் இ. ஆர். சி. டேவிதார் என்னும் வழக்கறிஞர். அவரும் முதலில் துப்பாக்கி ஏந்தியவரே. பின்னர் அதனைக் கீழே வைத்துவிட்டு, தொலைநோக்கியையும் குறிப்பேட்டையும் கையில் எடுத்தார். ‘வரையாட்டைக் காக்க வேண்டும் என்கிறோம், எத்தனை ஆடுகள் உள்ளன?’ என்னும் எளிய வினாவே அவரை மலையேறச் செய்தது. 1963-இல் நீலகிரியின் விளிம்புப் பாறைகளில் அவர் கணக்கெடுத்தபோது சில நூறு ஆடுகளே எஞ்சியிருந்தன. 1975-இல் மீண்டும் எண்ணினார். அவ்வாண்டு முதல் 1978 வரை மேற்கு மலைத்தொடரின் குன்றுகள் பலவற்றிற்கும் சென்று, வரையாடு எங்கெங்கே வாழ்கிறது என்பதனை ஆராய்ந்தார். மொத்தத்தில் ஏறத்தாழ 2,200 ஆடுகளே இருக்கக்கூடும் என்பது அவருடைய மதிப்பீடு.

ஆட்டை எண்ணுவது அத்துணை அரிய செயலா என்று சிலர் வினவலாம். தொழுவத்து ஆட்டை எண்ணுவது எளிது. வரையாடோ ஆயிரம் அடிப் பள்ளத்தின் விளிம்பில் நிற்கும். விடியற்காலையிலும் மாலையிலுமே புல்வெளிக்கு வந்து மேயும். வெயில் ஏறினால் பாறை நிழலில் ஒடுங்கும். பாறையின் நிறமும் பெண் ஆட்டின் நிறமும் ஒன்றுபோல் தோன்றும். தெளிவாகத் தெரிந்த மந்தையை எண்ணி முடிக்குமுன் பனித்திரை மூடிவிடும். திரை விலகும்போது மந்தை அடுத்த சரிவில் இருக்கும். அதனைப் புதிய மந்தையாகக் கருதி மீண்டும் எண்ணினால் கணக்குப் பெருகிவிடும். பழையதென்று விட்டுவிட்டால் உண்மையாகவே புதிதாக வந்தவை விடுபட்டுப் போகும். ஆதலின் மலையைப் பல கூறுகளாகப் பிரித்து, ஒரே வேளையில் வெவ்வேறு குழுவினர் ஏறி, கண்ட நேரத்தையும், மந்தை சென்ற திசையையும், கடா எத்தனை, பெண் எத்தனை, குட்டி எத்தனை என்பதையும் குறித்துக்கொண்டு, இறங்கிய பின் ஒப்புநோக்குதல் வேண்டும். குட்டிகளின் தொகையைத் தனியே குறிப்பதற்குக் காரணம் உண்டு. பெண் ஆடு பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டியே ஈனும். மந்தையில் குட்டிகள் குறைந்திருப்பின், பெரிய ஆடுகள் பல இருப்பினும் வருங்காலம் நலிந்திருக்கிறது என்பது பொருள்.

இவ்வாறு எண்ணத் தொடங்கிய பிறகு, வரையாட்டின் பகை துப்பாக்கி மட்டும் அன்று என்பது புலனாயிற்று. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துவிட்டது. சட்டத்தின் முதல் அட்டவணையில் வரையாடு இடம்பெற்றது. ஆனால் அது மேய வேண்டிய புல்வெளி சுருங்கிக்கொண்டே வந்தது. மரமற்ற நிலம் பயனற்ற நிலம் என்பது அக்காலத்தார் கருத்து. தோல் பதனிடும் பட்டையின் பொருட்டுச் சீகை மரத்தையும், விறகிற்கும் ஆலைகளுக்குமாகத் தைல மரத்தையும் ஆயிரக்கணக்கான ஏக்கரில் நட்டனர். மின்னாக்கத்திற்கெனப் பைக்காராவிலும் குந்தாவிலும் நீர்த்தேக்கங்கள் எழுந்தன. இவற்றால் மக்கள் அடைந்த நன்மையை மறுத்தல் இயலாது. எனினும் மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையிலும் சிறிது சிறிதாக ஓடைக்கு விடுவது அப்புல்வெளியே. பவானியாறு பிறப்பதும் அம்மலையில்தான். ஆட்டின் மேய்ச்சல் நிலமும் கீழ்நாட்டு உழவனின் நீரூற்றும் ஒன்றே என்பதனை மெல்ல மெல்லவே உணர்ந்தனர். நட்ட சீகை, தானே விதை பரப்பி, நடாத இடத்திலும் புகுந்தது. வெட்டினால் மீண்டும் தளிர்க்கிறது. எரித்தாலோ மண்ணில் உறங்கும் விதைகள் முளைவிடுகின்றன. அதனைக் களைந்து புல்லை மீட்கும் பணி இன்னும் முடிந்தபாடில்லை.

சங்கத்தின் பெயரும் இம்மாறுதலைக் காட்டுகிறது. தொடக்கத்தில் வேட்டை விலங்கு என்னும் சொல் அதன் பெயரில் இருந்தது. பிறகு வனவிலங்குச் சங்கம் என்றாயிற்று. அதன்பின் சுற்றுச்சூழல் என்னும் சொல்லும் உடன் சேர்ந்தது. ஒரு நூற்றாண்டு வரலாற்றை அம்மூன்று பெயர்களிலேயே படித்துவிடலாம்.

முக்குருத்திப் பகுதி 1982-இல் சரணாலயமாகவும், 1990-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பெற்றது. வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்காக விளங்குகிறது. 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு வரையாட்டுத் திட்டம் ஒன்றை அறிவித்தது. ஆடுகள் முன்பு வாழ்ந்து இன்று வெறிச்சோடிவிட்ட மலைகளில் அவற்றை மீண்டும் குடியேற்றுவது அதன் நோக்கங்களுள் ஒன்று. டேவிதார் பிறந்த நாளாகிய அக்டோபர் 7-ஆம் நாளை வரையாட்டு நாளாகவும் அரசு ஏற்படுத்தியது.

2024-இல் தமிழ்நாட்டு மலைகள் அனைத்திலும் ஒரே வேளையில் எடுத்த கணக்கில் 1,031 ஆடுகள் இருப்பதாக மதிப்பிட்டனர். அடுத்த ஆண்டில் அத்தொகை 1,303 ஆயிற்று. இவ்வேறுபாடு முழுவதும் புதிதாகப் பிறந்த குட்டிகளால் வந்ததன்று. இரண்டாம் முறை மிகுதியான இடங்களில் ஏறிப் பார்த்தனர் என்பதனையும் நினைவில் கொள்ளல் வேண்டும். அடிவாரத்தில் வெயில் தகிக்கும் ஏப்ரல் மாதத்தில், கம்பளி போர்த்திக்கொண்டு விடியுமுன் பாறை விளிம்பிற்குச் சென்று, பனி விலகும்வரை அவர்கள் காத்திருந்தனர்.