விற்காத இரவு கருவாடு ஆகாது

மாமல்லபுரம் கடற்கரையில் விடியற்காலையில் வந்திறங்கும் மீனுக்கு வரத்தைப் பார்த்துத்தான் விலை. வரத்து குறைந்தால் ஏறும், வலை நிறைந்தால் இறங்கும். போகாததை உப்பிட்டு உலர்த்திக் கருவாடாக்கிவிடலாம். அதே கரையில் சற்றுத் தள்ளி நிற்கும் ரிசார்ட்டுகளும் லாட்ஜுகளும் இரவை விற்கின்றன. விடிந்துவிட்டால் நேற்றைய இரவை உப்பில் போட்டு வைக்க வழியில்லை. அறைகளின் எண்ணிக்கையை நாளுக்கு நாள் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. கடன் தவணையும் சம்பளமும் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும். இப்படிப்பட்ட சரக்கை எந்த நாளில், யாருக்கு, என்ன விலைக்குக் கொடுப்பது என்று கணக்கிடும் தொழிலை ரெவின்யூ மேனேஜ்மென்ட் என்கிறார்கள். தமிழில் வருவாய் மேலாண்மை. பெரிய சங்கிலி ஓட்டல்களில் இதற்கென்றே ஆள் உண்டு. தனி முதலாளிகள் மாதக் கட்டணத்துக்கோ வருமானத்தில் ஒரு பங்குக்கோ வெளியிலிருந்து ஆலோசகரை வைத்துக்கொள்கிறார்கள். கூட்டம் வரும்போது வாடகையை ஏற்றிவிடச் சொல்பவர்தான் அவர் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அதற்கு ஆலோசகர் எதற்கு? அது எந்த முதலாளிக்கும் தெரியும். எந்த நாளில் யாரிடம் "ரூம் இல்லை" என்று சொல்வது என்பதில்தான் இந்தத் தொழிலின் சூட்சுமம் இருக்கிறது.

அந்தச் சூட்சுமத்தை முதலில் கணக்காக எழுதிக் காட்டியது ஓட்டல்காரர் அல்ல, விமானக்காரர். பி.ஓ.ஏ.சி. என்ற பிரிட்டிஷ் விமான நிறுவனத்தில் இருந்த கென்னத் லிட்டில்வுட் 1972இல் ஒரு விதியை வகுத்தார். அதை மாமல்லபுரத்துக்குக் கொண்டுவந்து பார்ப்போம். ஒரு ரிசார்ட்டில் சனிக்கிழமை இரவுக்குச் சென்னைக் குடும்பங்கள் கடைசி இரண்டு மூன்று நாளில் போன் செய்து 6,000 ரூபாய் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் முன்பே ஒரு டிராவல் ஏஜென்ட் 4,000 ரூபாய்க்கு அறைகளைக் கேட்கிறார். 4,000 என்பது 6,000இல் மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே கடைசி நேரக் குடும்பம் வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டுக்கு மேல் இருக்கும் அறைகளை ஏஜென்டுக்குத் தரக்கூடாது. அதற்குக் கீழே போனால் தந்துவிட வேண்டும். பழைய பதிவேட்டைப் புரட்டினால், கடந்த 24 சனிக்கிழமைகளில் கடைசி நேரத்தில் 10 அறைகளாவது போனது 18 முறை, 13 அறைகளாவது போனது 12 முறை என்று தெரிகிறது. 18 என்பது முக்கால் பங்கு, ஆகவே பத்தாவது அறையைப் பிடித்து வைக்கலாம். 12 என்பது அரைதான், ஆகவே பதின்மூன்றாவதை ஏஜென்டுக்கு மகிழ்ச்சியோடு கொடுத்துவிடலாம். இதில் யாருடைய வாடகையும் ஏறவில்லை. 1985இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மலிவு டிக்கெட்டுக்காரரான பீப்பிள் எக்ஸ்பிரஸை எதிர்த்தது இந்த முறையால்தான். கடைசி நேர வியாபாரப் பயணிக்கு இடம் காத்துவிட்டு, மிச்ச இடங்களை மட்டும் மலிவாக விற்றது. அங்கிருந்து மேரியட் ஓட்டல்கள் அதை எடுத்துக்கொண்டன.

இந்தக் கணக்கு நம் ஊர் முதலாளியின் பெருமை ஒன்றைத் தொட்டுவிடுகிறது. வரவேற்பு மேசையில் "ரூம் ஃபுல்" பலகை வைப்பது அவருக்கு ஒரு திருப்தி. நாற்பது அறைகளையும் 2,500 ரூபாய்க்குக் கொடுத்தால் கல்லாவில் ஒரு லட்சம். முப்பது அறைகளை 4,000 ரூபாய்க்குக் கொடுத்தால் 1,20,000. பத்து அறைகளின் துவைப்புச் செலவும் மின்சாரமும் மிச்சம். அதனால்தான் இந்தத் தொழிலில் அறை நிரம்பியதா என்று மட்டும் பார்ப்பதில்லை. காலியாகக் கிடந்ததையும் சேர்த்து ஓர் அறைக்குச் சராசரியாக எவ்வளவு வந்தது என்று பார்க்கிறார்கள். அதை ரெவ்பார் என்பார்கள். முதல் கணக்கில் அது 2,500, இரண்டாவதில் 3,000. செவ்வாய்க்கிழமையே சனிக்கிழமை ஃபுல் ஆகிவிட்டதென்றால், ஆலோசகர் அதைப் பிழையாகத்தான் குறித்துக்கொள்வார்.

மாமல்லபுரத்தில் இந்தக் கணக்கைச் சிக்கலாக்குவது கூட்டம்தான். இங்கே கூட்டம் வேறு, தங்கும் இரவு வேறு. 2021-22இல் தொல்லியல் துறையின் டிக்கெட் உள்ள நினைவுச் சின்னங்களில் அதிக வெளிநாட்டவர் வந்த இடம் தாஜ்மகால் அல்ல, மாமல்லபுரம், 1,44,984 பேர். அது கொரோனா ஒடுக்கிய ஆண்டு என்பதை மறக்கக்கூடாது. அதைவிட முக்கியம், டிக்கெட் வாங்கியவர் கட்டில் வாங்கியவர் அல்லர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். காலையில் வந்து அர்ச்சுனன் தபசையும் ஐந்து ரதங்களையும் பார்த்துவிட்டு, மீன் வறுவல் சாப்பிட்டு இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். காணும் பொங்கலன்று ஊர் கொள்ளாத கூட்டம், ஆனால் அதில் பெரும்பகுதி சாப்பாட்டு மூட்டையோடு வந்து போவது. மாசி மகத்துக்கு இருளர் சமூகத்தார் பல மாவட்டங்களிலிருந்து வந்து கடற்கரை மணலிலேயே குடில் போட்டுத் தங்குகிறார்கள். அவர்களுக்கு லாட்ஜ் தேவையே இல்லை. 2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் மோதியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் இங்கே சந்தித்தபோது உலகத்தின் கேமராக்கள் எல்லாம் கடற்கரைக் கோயில் பக்கம் திரும்பின. ஒருவர் படுத்தது கிண்டியில், மற்றவர் கோவளத்தில். சாலையில் தெரியும் நெரிசலை வைத்து வாடகை எழுதுகிறவர் ஏமாறுவது இப்படித்தான்.

தங்க வருகிறவர்கள் யார் என்பதைத் தினசரி காலண்டர் சொல்லிவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட்டுகளுக்குக் கல்யாணம் பெரிய வருமானம். முகூர்த்த நாட்கள் ஓராண்டு முன்பே பஞ்சாங்கத்தில் அச்சாகிவிடுகின்றன. ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலானோர் கல்யாணம் வைப்பதில்லை. வேறு நாட்டில் எழுதப்பட்ட விலை மென்பொருளுக்கு கிறிஸ்துமஸ் தெரியும். வளர்பிறை முகூர்த்தம் தெரியாது. தை மாதச் சனிக்கிழமை முகூர்த்தத்துக்கு ஒரு குடும்பம் நாற்பது அறைகளையும் கேட்டால், அன்று வரவிருந்த மற்றவர்களை விரட்டுகிறோம். அந்த இழப்பைச் சேர்த்துத்தான் விலை சொல்ல வேண்டும். அதே குடும்பம் புதன்கிழமை முகூர்த்தத்துக்கு வந்தால் விரட்டப்படுகிறவர் யாருமில்லை. வாடகையைத் தாராளமாகக் குறைத்து, பந்தியிலும் மண்டபத்திலும் ஈடுகட்டிக்கொள்ளலாம். 2022இல் ரஷ்யாவிடமிருந்து கைமாறிய 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட், ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை பூஞ்சேரியில் உள்ள ஃபோர் பாயின்ட்ஸ் ஓட்டல் வளாகத்தில் நடந்தது. பொதுப் பிரிவில் மட்டும் 188 அணிகள். நான்கைந்து மாத அவகாசத்தில் அத்தனை பேருக்கும் அறை தேட வேண்டியிருந்தது. அது அப்படியே ஆடி மாதம். கல்யாணம் இல்லை, வெளிநாட்டுச் சீசனும் தொடங்கவில்லை. மொத்தமாக அறை கொடுத்ததால் இழந்தது மிகக் குறைவாகவே இருந்திருக்கும். இதே போட்டி டிசம்பர் கடைசியில் வந்திருந்தால், நாட்டிய விழா காலத்தில், அதே வாடகைக்கு ஒப்புக்கொள்வது நஷ்டக் கணக்கு.

இன்னொரு நுணுக்கம் வரி. 2025 செப்டம்பர் 22 முதல் ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு, அதற்கு மேல் 18. 7,500 ரூபாய் அறைக்கு விருந்தினர் கொடுப்பது 7,875. நூறு ரூபாய் ஏற்றி 7,600 ஆக்கினால் அவர் கொடுப்பது 8,968. ஓட்டலுக்கு நூறு கூடுகிறது, வந்தவருக்கு 1,093 கூடுகிறது. 5 விழுக்காட்டில் உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ள முடியாது என்ற குறை இருந்தாலும், 7,500ஐக் கொஞ்சம் தாண்டிய விலை யாருக்கும் உதவாத விலை. விஷயம் இதோடு முடியவில்லை. முந்தைய நிதியாண்டில் ஏதாவது ஓர் அறையை ஒரு நாளாவது 7,500க்கு மேல் விற்றிருந்தால், அந்த வளாகத்து உணவகம் அடுத்த ஆண்டு 18 விழுக்காட்டுக்குப் போய்விடும். டிசம்பர் 31 இரவு ஆசைப்பட்டு ஒரே ஓர் அறையை 8,000க்குக் கொடுத்த ஓட்டலில், அடுத்த ஏப்ரலிலிருந்து இட்லிக்கும் 18 விழுக்காடு. ஆலோசகர் தன் கட்டணத்தைச் சம்பாதித்துவிடுவது இப்படி ஒரு விலையை ஏற்ற விடாமல் தடுப்பதிலேயே.

ஆனாலும் ஒரே அறைக்கு ஆளுக்கொரு விலை நியாயமா என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. கானேமன், நெட்ச், தேலர் மூவரும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், பனிப்புயலுக்கு மறுநாள் 15 டாலர் பனிவாரியை 20 டாலர் ஆக்கிய கடைக்காரரை 82 விழுக்காட்டினர் நியாயமற்றவர் என்றனர். மக்களின் இந்த உணர்வு சரியானதுதான் என்று நினைக்கிறேன். அதற்கு எல்லை எங்கே என்பதில்தான் பேச்சு. முன்கூட்டிப் பணம் கட்டி, கேன்சல் செய்தால் திரும்பாது என்று ஏற்றுக்கொண்டவருக்கு மலிவு விலை, கடைசி நேரத்தில் மனம் மாறும் உரிமையோடு வருகிறவருக்கு முழு விலை என்றால், இருவரும் ஒரே சரக்கை வாங்கவில்லை. அது எழுதிக் காட்டக்கூடிய வேறுபாடு. 2022 டிசம்பர் 9 வெள்ளி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அன்று வழியில் அகப்பட்டுக்கொண்ட குடும்பத்திடம் இரட்டை வாடகை கேட்பது வேறு வகை. மென்பொருள் தேவை கூடியிருக்கிறது என்று மட்டும் காட்டும். அந்த இரவில் அதை அணைத்து வைக்கச் சொல்லும் ஆலோசகரே நல்லவர். வாரக்கடைசியில் இங்கே வருவது அதே அறுபது கிலோமீட்டர் தூரத்துச் சென்னை. அது அந்த வாடகையை மறக்காது.

எல்லா ஓட்டல்களும் ஒரே மென்பொருளைக் கேட்டால் விலைகள் கூடிப் பேசாமலே கூடிவிடாதா என்பது இதைவிடக் கனமான ஐயம். லாஸ் வேகாஸ் ஓட்டல்கள் மீது 2023இல் இப்படியொரு வழக்கு தொடரப்பட்டு, 2024இல் தள்ளுபடியானது. அதற்காக ஐயம் தீர்ந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. நம் நாட்டில் நெருக்கடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. வேறெங்கும் இதைவிடக் குறைந்த விலைக்கு அறை தரக்கூடாது என்று ஓட்டல்களைக் கட்டிப்போட்டது உள்ளிட்ட காரணங்களுக்காக, 2022 அக்டோபரில் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப், கோஐபிபோ குழுமத்துக்கு 223.48 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. புக்கிங் தளங்களின் கமிஷன் பெரும்பாலும் வாடகையில் 15 முதல் 25 விழுக்காடு வரை போகிறது. ஆகவே 4,000 ரூபாய் அறையை நேரே போன் செய்தவருக்கு 3,600க்குக் கொடுத்தாலும் ஓட்டலுக்கு லாபமே.

அனுபவமுள்ள முதலாளிக்கு இதெல்லாம் கைவந்த கலை என்பார்கள். பாதி உண்மை. நிரம்பிய நாட்கள் அவருக்கு நினைவிருக்கும்; "இல்லை" என்று சொல்லித் திருப்பிய போன்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. உண்மையான தேவை எவ்வளவு என்பது அந்தப் போன்களில்தான் இருக்கிறது. ஒத்தவாடைத் தெருவின் பத்து அறை லாட்ஜுக்கு மென்பொருளும் கட்டுப்படியாகாது, ஆலோசகரும் கட்டுப்படியாகாது. வரவேற்பு மேசையில் ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்: கேட்ட தேதி, எத்தனை இரவு, என்ன விலை சொன்னோம், ஏன் வரவில்லை. ஒரு தையிலிருந்து அடுத்த தை வரை விடாமல் எழுதினால், முகூர்த்தத்துக்கு மறுநாள் வழக்கமாகக் காலியாகக் கிடக்கும் அறைகள் எவை என்று அதிலேயே தெரிந்துவிடும்.