மூடி தேடிய கதை

நெடுந்தீவின் முருகைக்கல் மதில்களைப் புகழாத பயணிகள் அரியர். அம்மதில்களுள் ஒன்றே, சோளகக் காற்றில் சாய்ந்துவிட்ட என் தந்தையாரின் ஹொண்டா சீ-70 வண்டியின் வலப்புற எஞ்சின் மூடியைப் பிளந்தது.

இடப்புற மூடியாயின் இத்துணை கலங்கியிரேன். ஆறு வோல்ற் காலத்து அவ்வண்டியில் சுழல்காந்தத்தைத் தூசியினின்றும் காப்பதே அதன் கடமை. வலப்புறமோ கிளச்சு எண்ணெயில் நனைந்து சுழலும் அறை. உதைதண்டும் அம்மூடியின் ஊடாகவே வெளிவருகிறது. எஞ்சினில் உள்ள எண்ணெய் ஒரு லீற்றருக்கும் குறைவு. அது வெடிப்பின் வழியே ஒழுகினால் பிஸ்டன் இறுகிவிடும்.

பழைய இரும்பென்று விற்றுவிட மனம் ஒப்பவில்லை. 1990களின் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் அரிதாயிருந்தபோது, சில துளி பெற்றோலில் உதைத்து உயிர்ப்பித்துப் பின்னர் மண்ணெண்ணெயில் என் தந்தையார் ஓட்டிய வண்டி அது. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும். அதனால் அவர் அடிக்கடி எண்ணெய் மாற்றுவார். தமக்குச் செருப்பு மாற்றியதாக எனக்கு நினைவில்லை.

ஒட்டவைத்துப் பார்த்தோம். எண்ணெய் ஊறிய பழைய அலுமினிய வார்ப்பு உருகும்போது நுண்துளைகள் விழுகின்றன; சூட்டில் விளிம்பும் கோணிவிடுகிறது. மறுநாளே கசிந்தது.

பின்னர் மூடியின் விளிம்பில் எண்ணெய் பூசி, மட்டையொன்றில் அழுத்திப் படியெடுத்தேன். திருகாணித் துளைகள் யாவும் துல்லியமாகப் பதிந்தன. அதனை மடித்துக்கொண்டு குறிகட்டுவானுக்குப் படகேறி, அங்கிருந்து பேருந்தில் யாழ்நகர் சேர்ந்தேன். 1958இல் பிறந்து 2017இல் பத்துக் கோடியை எட்டிய சூப்பர் கப் குலத்தைச் சேர்ந்தது எம் வண்டி. சீனத்தார் அவ்வெஞ்சினைப் பலவாறு படியெடுத்துள்ளனர். ஆகவே மூடிக்குப் பஞ்சமிராதென நம்பினேன்.

கடையில் கிடைத்த மூடி என் மட்டையோடு அச்சொட்டாகப் பொருந்தியது. பணங்கொடுத்துத் திரும்பினேன். பூட்ட முனைந்தபோதுதான் குறை தெரிந்தது. அது கைக்கிளச்சு வண்டிக்குரியது. கம்பி இழுக்கும் நெம்பு அதில் இருந்தது. எம் வண்டிக்கோ கைக்கிளச்சே இல்லை. கியர் மிதியை அழுத்துகையில், மூடியின் உள்ளிருக்கும் உறுப்பொன்று நகர்ந்து கிளச்சை விடுவிக்கிறது. அதனைச் சீர்செய்யும் திருகாணியும் மூடியின் நடுவிலேயே உண்டு.

மீண்டும் படகு. இம்முறை பழைய உதிரிகள் விற்கும் முதியவரிடம் மட்டையை நீட்டினேன். அவர் சிரித்தார்.

“மாஸ்ரர், விளிம்பைக் கொண்டுவந்தனியள், வயித்தைக் கொண்டுவரேல்லையே!”

இலக்கணம் கற்பிக்கும் எனக்கு அது சரியான அடி. மூன்றாம் பயணத்தில் உடைந்த மூடியையே கொண்டுசென்றேன். அவர் சிதைந்த ‘சாலி’ வண்டியொன்றின் மூடியை எடுத்து, இரண்டையும் மல்லாத்தி வைத்தார். உதைதண்டின் துளையில் தண்டொன்றை நுழைத்துச் சுழற்றினார். கிளச்சுறுப்பை விரலால் அசைத்தார். கண்ணாடித் தகட்டில் வைத்து விளிம்பு ஆடுகிறதா என்று பார்த்தார். எண்ணெய்த் தடுப்பு வளையத்தை மட்டும் புதிதாக வாங்கச் சொன்னார். விலை, முதலில் வாங்கிய மூடியின் பாதிதான்.

வீட்டில் புதிய காஸ்கெற் வைத்துப் பூட்டினேன். நடுத்திருகாணியை இடஞ்சுழியாகத் தடை தட்டுமட்டும் திருப்பி, எட்டிலொரு சுற்றுப் பின்வாங்கி இறுக்கினேன். இரண்டாம் உதையில் எஞ்சின் பேசியது. மூடியின் நிறம் சற்று மங்கல், பரவாயில்லை.

அன்று மாலை வண்டியை மதிலுக்கு எட்டத்தில் நிறுத்தினேன்.