கொசு மருந்து பெட்டியில் வேண்டாம், கைப்பையில்!

போன வருஷம் நவக்கிரக தரிசனத்துக்காகக் குடும்பத்தோடு கும்பகோணம் போயிருந்தோம். கொசுவலை, சுருள் எல்லாம் மறக்காமல் எடுத்துப் போனேன். ராத்திரி ஒரு கடி இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. ஊர் திரும்பிய ஐந்தாம் நாள் என் தங்கை மகளுக்கு, ஆறு வயசுக் குழந்தை, அனலாய்க் காய்ச்சல். டெங்கு என்று ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

"பகல்லே என்னம்மா தடவினீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். தங்கையும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொண்டோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பதாம். விடிந்த இரண்டு மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முன்பும் ரொம்ப மும்முரமாம். நாங்கள் தரிசன வரிசையில் நின்றதெல்லாம் அந்த நேரம்தான்!

இப்போதெல்லாம் டப்பாவின் முன்பக்கத்து இலை, பூ படத்தைப் பார்த்து நான் வாங்குவதில்லை. பின்பக்கம் பொடி எழுத்தில் மருந்தின் பெயரும் சதவீதமும் இருக்கும். டீட், பிகாரிடின் இரண்டும் நம்பகமானவை. டீட், அமெரிக்க ராணுவத்துக்காக 1946-ல் உருவானது. பழைய சரக்குதான், ஆனாலும் இன்னும் கெட்டி. சதவீதம் கூடினால் வீரியம் கூடுமென்று நினைக்காதீர்கள், நேரம்தான் கூடும். 10 சதவீதம் என்றால் சுமார் இரண்டு மணி நேரம். 25 என்றால் ஐந்து மணி வரை. வியர்த்து வழிந்தால் இன்னும் குறையும். சிட்ரோனெல்லா எண்ணெய் மணக்கும், சீக்கிரமே போய்விடும். மணிக்கட்டில் மாட்டும் பட்டை? காசுக்குக் கேடு.

இரண்டு மாசம் நிரம்பாத சிசுவுக்கு எதுவும் தடவாதீர்கள், வலைதான் சரி. 'லெமன் யூகலிப்டஸ்' தைலம் மூன்று வயசுக்குள் கூடாது. கர்ப்பிணிகள், டப்பாவில் சொன்னபடி டீட் தடவிக் கொள்ளலாம். குழந்தைக்கு நம் உள்ளங்கையில் எடுத்துத் தடவ வேண்டும். அதன் கைவிரல், கண், வாய், சிராய்ப்பு இங்கெல்லாம் படக் கூடாது. உடைக்கு உள்ளே தடவ வேண்டாம். அறைக்குத் திரும்பியதும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். மூக்குக்கண்ணாடியின் பிளாஸ்டிக் பிரேமில் டீட் பட்டால் பாழாகிவிடும், ஜாக்கிரதை.

இந்த வருஷம் திருச்செந்தூர் போனபோது டியூப் என் கைப்பையிலேயே இருந்தது. விடிகாலையில் கோயிலுக்குக் கிளம்பும்போது, "பெரியம்மா, தடவலையே?" என்று அவள்தான் காலை நீட்டினாள்.