மோட்டார் வண்டிக்கு ஏற்ற எண்ணெய்ப் பதம்

பாவுக்கு இடும் கஞ்சியைப் பற்றி நெசவாளருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கஞ்சி நீர்த்துப்போனால் இழையில் பற்றாது. தறியில் உராய்ந்து இழை அறும். அளவுக்கு மீறித் தடித்தாலோ, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, விறைத்து, ஒடியும். கரும்பு ஆலையாடும் விவசாயியும் வெல்லப் பாகின் பதத்தைக் கண்ணால் பார்த்தே அறிவார். இவ்வாறு பதமறிந்து தொழில் செய்யும் நாம், சங்கத்தின் பணத்தில் வாங்கிய சரக்கு வண்டிக்கு எண்ணெய் ஊற்றும்போது மட்டும் பதத்தை மறந்துவிடுகிறோம். “வெயில் கடுமை, சுமையும் அதிகம், ஆகையால் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது” என்று தீர்மானித்துவிடுகிறோம். இந்த எண்ணம் தவறானது என்பதை விளக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

பிறருடைய தவறை எடுத்துக்காட்டுவதற்கு முன் நம்முடையதைச் சொல்லிவிடுவது முறை. நம் சங்கத்துக்கு ஒரு டிராக்டரும், பிக்கப் எனப்படும் சிறு சரக்கு வண்டிகள் இரண்டும் உண்டு. பிக்கப்புகளில் ஒன்று பழையது. மற்றொன்று புதிய டீசல் வண்டி. புது வண்டி ஒரு நாள் நூல் ஏற்றிவரும். மறுநாள் மஞ்சள் மூட்டைகளோடு ஈரோட்டுக்குப் போகும். தாளவாடிப் பக்கத்துக் காய்கறிக்காகத் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கும். அதற்குக் கையேட்டில் குறித்த எண்ணெயை ஓட்டுநர் கேட்டார். அதைக் கையில் தொட்டுப் பார்த்த நிர்வாகக் குழுவினர், “இது தண்ணீர்போல் இருக்கிறதே” என்றனர். டிராக்டருக்காக வாங்கிய பீப்பாய் எண்ணெயையே மூன்று வண்டிகளுக்கும் ஊற்றினால் சிக்கனம் என்று முடிவாயிற்று. இரண்டு ஆண்டுகளுக்குள் புது வண்டியின் புகைவடிகட்டி அடைத்துக்கொண்டது. எச்சரிக்கை விளக்கு அடிக்கடி எரிந்தது. மேடு ஏற வண்டி திணறியது. வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்ய ஆன செலவு, பீப்பாயால் மிச்சமான தொகையை விழுங்கிவிட்டது. அறுவடைக் காலத்தில் வண்டி நின்றதால் ஏற்பட்ட நஷ்டம் வேறு. ஓட்டுநர் சொன்னதே சரி; பிழை நம்முடையது.

எண்ணெய் செய்யும் வேலை

எஞ்சினில் எண்ணெய் என்ன செய்கிறது? இரும்பும் இரும்பும் உராயாமல் இடையே நிற்கிறது என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் அது எவ்வாறு நிற்கிறது என்பதே கவனிக்கத்தக்கது.

1883-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியியலாளர் ரயில் வண்டி அச்சின் பேரிங்குகளை ஆராய்ந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் மேல்புறத்தில் ஒரு துளை இட்டார். அச்சு சுழலத் தொடங்கியதும் அத்துளையின் வழியே எண்ணெய் மேலே பொங்கி வந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரக்கட்டையால் அடைத்தார்; அதுவும் நிற்கவில்லை. சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துச் சென்று குறுகிய இடத்தில் திணிக்கிறது; அதனால் எழும் அழுத்தமே மேலிருக்கும் சுமை முழுவதையும் தூக்கி நிறுத்துகிறது என்பது அப்போதுதான் விளங்கிற்று. 1886-இல் ஆஸ்பார்ன் ரெய்னால்ட்ஸ் என்ற விஞ்ஞானி இதற்குக் கணித விளக்கம் தந்தார்.

நம் வண்டியின் கிராங்க் அச்சும் இவ்வாறே எண்ணெயின்மேல் மிதக்கிறது. அச்சுக்கும் பேரிங்குக்கும் இடையே உள்ள சந்து ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கே. தலைமயிரின் கனத்துக்கும் குறைவு என்றே சொல்லலாம். இந்தச் சந்தின் அளவு, எண்ணெய்ப் பம்பின் வலிமை, எண்ணெய் ஓடும் துவாரங்களின் அகலம் ஆகிய மூன்றையும் எஞ்சினை வகுத்தவர்கள் ஒரு குறிப்பிட்ட பதத்தை மனத்தில் கொண்டே அமைக்கிறார்கள். 80-ஆம் நம்பர் நூலுக்கு அமைத்த பண்ணையில் 20-ஆம் நம்பர் நூலை இழுத்து நெய்ய ஒருவரும் முயலமாட்டார். எஞ்சினிலும் அப்படியே.

எண்களின் பொருள்

எண்ணெய் டப்பாவின்மேல் “15 டபிள்யூ 40”, “5 டபிள்யூ 30” என்று எழுதியிருக்கக் காண்கிறோம். அமெரிக்க மோட்டார்ப் பொறியியலாளர் சங்கம் 1911-இல் தொடங்கி, பின்னர் பலமுறை திருத்திய வரிசை இது. எஸ்.ஏ.இ. என்ற எழுத்துகள் அச்சங்கத்தையே குறிக்கும். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. எண்கள் வெப்ப அளவுகள் அல்ல. தரத்தின் மதிப்பெண்களும் அல்ல. பதத்தின் வகுப்புகள் மட்டுமே.

முன்னே உள்ள எண், கடுங்குளிரில் எண்ணெய் எவ்வளவு இளக்கமாக இருக்கும் என்பதைக் காட்டும். எண் சிறிதானால் இளக்கம் அதிகம். எஞ்சினைச் சுழற்றும் சோதனையை 15 டபிள்யூ எண்ணெய்க்குச் சுழிக்குக் கீழே 20 டிகிரி செல்சியஸிலும், 5 டபிள்யூ எண்ணெய்க்குச் சுழிக்குக் கீழே 30 டிகிரியிலும் நடத்துகிறார்கள். நம் சமவெளிகளில் அத்தகைய குளிர் கனவிலும் இல்லை. உதகையில் உறைபனி விழும் இரவுகளிலும் வெப்பம் சுழியை ஒட்டியே நிற்கும். ஆகவே வண்டியைக் கிளப்புவதற்கு மட்டும் என்றால் 15 டபிள்யூ நமக்குத் தாராளமாகப் போதும்.

பின்னே உள்ள எண், 100 டிகிரி வெப்பத்தில் எண்ணெயின் பதத்தைக் காட்டும். இதைச் சென்டிஸ்டோக் என்னும் அளவால் அளப்பார்கள். 20 டிகிரியில் தண்ணீரின் அளவு ஏறக்குறைய 1. 30-ஆம் வகுப்பு எண்ணெய் 9.3 முதல் 12.5 வரையிலும், 40-ஆம் வகுப்பு 12.5 முதல் 16.3 வரையிலும், 50-ஆம் வகுப்பு 16.3 முதல் 21.9 வரையிலும் இருக்கும்.

சூட்டில் எண்ணெய் இளகுவது இயற்கை. சாதாரண 15 டபிள்யூ 40 எண்ணெய் 40 டிகிரியில் 110 சென்டிஸ்டோக் அளவில் இருக்கும்; 100 டிகிரியில் 14 அல்லது 15 ஆகிவிடும். அதாவது சித்திரை வெயிலில் நிற்கும் வண்டியிலும் கூட, கிளப்பும் வேளையில் எண்ணெய் தன் வேலைப் பதத்தைவிட ஏழு மடங்குக்கு மேல் கெட்டியாக இருக்கிறது. கையில் தொட்டுப் பார்த்து எண்ணெயை மதிப்பிடுவது ஏன் பயனற்றது என்பது இதனால் விளங்கும். எஞ்சினுக்குள் அது இருக்கப்போகும் பதத்தை நம் விரல் ஒருநாளும் அறியாது.

கெட்டியான எண்ணெய் வலுவான எண்ணெயா?

“நம் நாடு வெப்ப நாடாயிற்றே” என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் எஞ்சினின் சூட்டை வெளியே காயும் வெயில் நிர்ணயிப்பதில்லை. ரேடியேட்டர் நீரும், அதைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்து எஞ்சினை 90 டிகிரியை ஒட்டி நிறுத்திவைக்கின்றன. வெளியே 25 டிகிரி ஆனாலும் 40 டிகிரி ஆனாலும் உள்ளே உண்டாகும் வேறுபாடு சிறிதே. பாரத்தோடு மலை ஏறும்போது எண்ணெயின் சூடு 100 டிகிரிக்கு மேல் போவது உண்மைதான். அதையும் கணக்கில் கொண்டே கையேட்டில் பதம் குறிக்கப்படுகிறது.

தேவைக்கு மேல் கெட்டியான எண்ணெயால் வரும் தீமைகள் மூன்று. முதலாவது, கிளப்பியவுடன் அது மேல்பாகங்களுக்குப் போய்ச்சேரத் தாமதமாகிறது. இக்காலத்து டீசல் வண்டிகளின் டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது. அதன் பேரிங் எண்ணெயின்றிச் சில நொடிகள் சுழன்றாலும் தேய்மானமே. இரண்டாவது, கெட்டியான எண்ணெய் வடிகட்டியின் வழியே எளிதில் போகாது. அப்போது மாற்றுவழி வால்வு திறந்து, வடிகட்டாத எண்ணெய் பேரிங்குகளுக்குப் போகும். மூன்றாவது, எண்ணெயைக் கலக்குவதற்கே எஞ்சினின் சக்தியில் ஒரு பங்கு வீணாகி, டீசல் செலவு ஏறும்.

எண்ணெய் அழுத்தம் அதிகம் என்பதால் மசகு நன்றாக நடக்கிறது என்று கொள்ளலாகாது. குழாயை விரலால் பாதி அடைத்தாலும் அழுத்தம் ஏறும். வயலுக்குப் பாயும் நீரோ குறையும். தேய்ந்த எஞ்சினில் புகையை மறைக்கக் கெட்டி எண்ணெய் ஊற்றுவதும் இவ்வகையானதே. அது சில மாதங்களுக்குத் தவணை வாங்குமே ஒழிய, நோயைத் தீர்க்காது.

அளவுக்கு மீறி நீர்த்த எண்ணெயும் ஆகாது என்பதை மறக்கக்கூடாது. எண்ணெய்ப் படலம் மெலிந்து, சுமை ஏறும் நேரத்தில் உலோகம் உலோகத்தைத் தொடும். 15 டபிள்யூ 40 கேட்கும் பழைய எஞ்சினுக்குப் புதியது என்பதற்காக 5 டபிள்யூ 30 ஊற்றுவது அதே பிழையை எதிர்ப்பக்கம் செய்வதாகும்.

பதம் மட்டும் போதாது

நம் வண்டியின் வடிகட்டி அடைபட்டதற்கு, எண்ணெயின் பதத்தைவிட அதன் வகையே முக்கிய காரணம். 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியா முழுவதும் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தது. அதன்பின் விற்கப்பட்ட டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்குழாயிலேயே கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி உண்டு. பிடித்த கரியை அது அவ்வப்போது சூடேறி எரித்துவிடும். ஆனால் எண்ணெயிலுள்ள உலோகச் சத்துகள் எரிந்து உண்டாகும் சாம்பலை எரிக்க முடியாது. அடுப்பில் விறகு எரிந்து தீர்ந்தாலும் சாம்பல் தங்குவதுபோல் அது உள்ளேயே தங்கி அடைக்கும். ஆகையால் இவ்வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த எண்ணெய் வேண்டும்.

டப்பாவின்மேல் ஏ.பி.ஐ. என்ற குறியீட்டை அடுத்துள்ள எழுத்துகள் இதைத் தெரிவிக்கும். சி என்று தொடங்குவது டீசலுக்கு; எஸ் என்று தொடங்குவது பெட்ரோலுக்கு. 2016-இல் வந்த சி.கே-4 வகை, கரிவடிகட்டி உள்ள எஞ்சின்களையும் கருதி வகுக்கப்பட்டது. சில கம்பெனிகள் ஏ.சி.இ.ஏ. என்ற ஐரோப்பிய வரிசையைக் குறிக்கும். எதுவாயினும் கையேட்டில் உள்ள குறியீடு டப்பாவிலும் இருத்தல் வேண்டும். ஒரே “5 டபிள்யூ 30” என்ற பெயரில் பெட்ரோல் காருக்கும் டீசல் வண்டிக்கும் வெவ்வேறு எண்ணெய்கள் விற்கின்றன. எண் ஒன்றாயினும் 150 டிகிரியில் கடும் உராய்வைத் தாங்கும் படலத்தின் உறுதி ஒன்றாயிராது.

தேர்ந்தெடுக்கும் முறை

1. வண்டியின் கையேட்டைத் திறந்து, பதத்தையும் வகையையும் ஒருங்கே பார்க்க வேண்டும். ஒரே பதம் குறித்திருந்தால் அதுவே முடிவு. உத்தரவாதக் காலத்தில் வேறு எண்ணெய் ஊற்றினால், பழுதுக்கு ஈடு தரக் கம்பெனியார் மறுக்க இடமுண்டு.

2. கையேடு இரண்டு மூன்று பதங்களை அனுமதித்திருந்தால், அவற்றுக்குள் நம் வேலைக்கேற்பத் தேர்ந்துகொள்ளலாம். நாள்தோறும் முழுச் சுமையோடு ஓடும் வண்டிக்கு அனுமதித்தவற்றுள் சற்றுக் கெட்டியானது பொருந்தும். குறைந்த சுமையோடு நின்று நின்று ஓடும் வண்டிக்கு இளக்கமானது பொருந்தும்.

3. டிராக்டர், பம்ப்செட் ஆகியவற்றில் மிஞ்சிய எண்ணெயைப் புது வண்டிக்கு ஊற்றலாகாது. பீப்பாயாக வாங்குவது சிக்கனமே. ஆனால் எந்தெந்த வண்டிகளுக்கு ஒரே எண்ணெய் பொருந்துமோ அவற்றுக்கு மட்டும் பொதுவாக வாங்க வேண்டும்.

4. வாரம் ஒருமுறை, சமதரையில் எஞ்சினை நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து, அளவுக் கம்பியைப் பார்க்க வேண்டும். டீசல் எஞ்சினில் எண்ணெய் கறுப்பது கெட்டதன் அடையாளம் அன்று. கரியைத் தன்னுள் தாங்குகிறது என்பதே பொருள். ஆனால் கரிவடிகட்டி உள்ள வண்டியில் எண்ணெயின் மட்டம் மேல்குறியைத் தாண்டி ஏறினால் டீசல் அதில் கலந்து பதம் நீர்க்கிறது என்று ஐயுற்று, உடனே பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

5. எவ்வளவு நல்ல எண்ணெயாயினும் காலத்தில் மாற்றாவிட்டால் பயனில்லை. பல பதம் கலந்த எண்ணெயில் சூட்டிலும் பதம் காக்கும் பொருள் ஒன்று சேர்க்கப்படுகிறது. ஓட ஓட அது நைந்துபோகும். எண்ணெயை மாற்றும்போது வடிகட்டியையும் சேர்த்தே மாற்றுக.

இறுதியாக ஒரு யோசனை. வண்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு பேரேடு வைத்து, அதன் முதற்பக்கத்தில் கையேட்டின்படி உரிய பதத்தையும் வகையையும் எழுதி ஒட்டுங்கள். எண்ணெய் மாற்றிய தேதி, கிலோமீட்டர், டப்பாவில் கண்ட குறியீடு ஆகியவற்றை ஓட்டுநர் எழுதிக் கையொப்பமிடட்டும். நம் சங்கத்தில் இப்போது இரண்டு வகை எண்ணெய் தனித்தனியே பெயரெழுதி வைக்கப்பட்டிருக்கிறது. எதை எதற்கு ஊற்றுவது என்பதில் ஓட்டுநர் சொல்லுக்கு நிர்வாகக் குழு செவிசாய்க்கிறது. வண்டி ஒருவருடைய சொத்தன்று. நூறு குடும்பங்களின் நூலும் விளைச்சலும் அதன்மேல் ஏறிப் போகின்றன. அதற்கு ஊற்றும் எண்ணெயின் பதத்தை அறிந்து ஊற்றுவதும் கூட்டுறவுக் கடமைகளுள் ஒன்றே.