அளவைக் கற்களும் வங்காலைக் கரையும்

மலைநாட்டார் தம் ஊரெல்லையைக் குன்றும் ஆறுங் கொண்டு காட்டுவர். மன்னார்ப் பெருநிலத்தில் வங்காலை முதல் அரிப்பு வரை கிடக்கும் கரையோ குன்றறியாச் சமநிலமாகும். உவர்த் தரவையும் முட்புதரும் மணலுமே ஆங்குக் காணப்படுவன. எல்லைக்கு நட்ட மரம் பட்டுப்போம், வேலி உக்கிப்போம், மணல் இடம் பெயரும். எஞ்சி நிற்பது அளவைக் கல்லொன்றே.

இலங்கை நில அளவைத் திணைக்களத்தை 1800 ஆகஸ்ட் 2 இல் தேசாதிபதி பிரடெரிக் நோர்த் நிறுவினார். முத்துக்குளிப்பின் பொருட்டு அவர் அரிப்பில் எழுப்பிய மாளிகை இன்று இடிந்து கிடக்கின்றது; அவர் நிறுவிய திணைக்களமோ இன்றும் நின்று நிலவுகின்றது.

பெருநிலப் பரப்பை அளக்கும் முறை எளிய கேத்திர கணிதமே. ஒரு கோட்டை மட்டும் நிலத்தில் நுட்பமாக அளப்பர். அதன் இரு முனைகளிலிருந்தும் தூரத்தே தெரியும் மூன்றாவது புள்ளியை நோக்கிக் கோணங்களை அளந்தால், ஏனைய இரு பக்கங்களும் கணக்கினாற் பெறப்படும். அப்பக்கமே அடுத்த முக்கோணத்திற்கு அடிக்கோடாகும். இந்தியாவில் 1802 இல் வில்லியம் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலையை அடுத்து இப்பணியைத் தொடங்கினார். இலங்கையில் நீர்கொழும்பை அடுத்த கந்தவளை அடிப்படைப் புள்ளியாயிற்று.

சமநிலத்தில் தூரப்பார்வை கிட்டுதல் அரிது. ஆதலின் லாம்ப்டன் கோயிற் கோபுரங்களை நாடினார். 1808 இல் தஞ்சைப் பெரிய கோயிலின்மேல் ஏற்றுகையில், அரைத் தொன் எடையுள்ள கோணமானி சுவரில் மோதிப் பழுதுற்றது. அவர் மனந்தளராது தாமே அதனைச் செப்பனிட்டார்.

இனி, பழைய கல்லொன்றைத் தேடுவோர் முதலில் நில அளவைப் படத்தைக் கற்றல் வேண்டும். படம் கூறும் திசையிலும் தூரத்திலும் அளந்து சென்று, புதரை வெட்டி மண்ணை அகழ்ந்தால் கல் வெளிப்படலாம். எனினும் தனிக்கல் சான்றாகாது; அது பெயர்த்து நடப்பட்டதாயுமிருக்கலாம். அயலிலுள்ள கற்களுக்கும் அதற்குமிடையேயுள்ள தூரமுங் கோணமும் படத்தோடு ஒத்தால் மட்டுமே அது மெய்க்கல்லாகும். ஒரு கல் முற்றாய் அழிந்தவிடத்தும், நிலைபெற்ற பிற கற்கள் அதன் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். இதுவே முக்கோண அளவையின் பெரும்பயன். 1999 இல் செய்மதிக் கணிப்பின் துணையால் நாட்டின் அளவை அடிப்படை புதுப்பிக்கப்பட்ட பின்னும் இந்நியதி மாறவில்லை.

இது ஏட்டுக்கல்வி மட்டுமன்று. 2009 இல் போர் ஓய்ந்தபின் மீண்டோர் பலர் தம் காணியில் வேலியைக் கண்டிலர். உறுதியை இழந்தோரும் உளர். மேலும், 2008 இல் வங்காலையிற் பறவைகள் சரணாலயம் பிரகடனஞ் செய்யப்பட்டது. 2010 இல் 4839 ஹெக்டேயர் பரப்பு ராம்சார் ஈரநிலமாய் ஏற்கப்பட்டது. பறவைக்குரிய நிலம் யாது, குடிமக்களுக்குரிய நிலம் யாது என்பதும் அளவையினாலேயே தெளிதற்பாலது. ஒரு முழ நிலத்தை விரும்பிக் கல்லைப் பெயர்ப்பவன் அயலானை மட்டும் வஞ்சிப்பவனல்லன். பின்வருவோர் அனைவரின் சான்றையும் அழிப்பவனாவான்.