ஆறு மணி நேரத் தலைநகர்

காலை 6 மணிக்கு ஒரு நகரைப் பிடித்து, நண்பகலில் தானே விட்டு விலகிய படையை வென்றது என்பதா, தோற்றது என்பதா? 1949 மார்ச் 1 அன்று ஜாவாத் தீவின் யோக்யகர்த்தா நகரில் நிகழ்ந்ததை அறிவோருக்கு முதலில் எழும் வினா இதுவே.

1945இல் சுதந்திரப் பிரகடனம் செய்த இந்தோனேஷியக் குடியரசுக்கு, அடுத்த ஆண்டு முதல் யோக்யகர்த்தாவே தலைநகராயிருந்தது. 1948 டிசம்பர் 19 அன்று டச்சுப் படை பாராசூட் வீரர்களை இறக்கி அதனைக் கைப்பற்றியது. சுகர்ணோவும் ஹட்டாவும் சிறைப்பட்டனர். காசநோயால் நலிந்த தளபதி சுதிர்மான், பல்லக்கில் சுமக்கப்பட்டவராய்க் காடு மலைகளினூடே கொரில்லாப் போரை நடத்தினார். 1949 ஜனவரியில் நேரு புதுதில்லியில் கூட்டிய மாநாடு இந்தோனேஷியருக்காகக் குரல் எழுப்பியது. அம்மாதம் 28இல் பாதுகாப்புச் சபையும் தலைவர்களை விடுவிக்குமாறு தீர்மானித்தது. டச்சு அரசோ, குடியரசும் அதன் படையும் அழிந்தொழிந்தன என்றே சாதித்து வந்தது.

இக்கூற்றைப் பொய்ப்பிப்பதே தாக்குதலின் நோக்கம். இரவு ஊரடங்கு முடிவதை அறிவிக்கும் சங்கு காலையில் ஊதியதும் அதுவே சமிக்ஞையாயிற்று. தென்னங்குருத்தை அடையாளமாக அணிந்த வீரர்கள் நாற்புறமும் நகருள் புகுந்தனர். (நம்மைப் போலவே ஜாவாவிலும் குருத்தோலை மணவாயிலில் கட்டும் மங்கலப் பொருளாகும்.) மகெலாங்கிலிருந்து டச்சு உதவிப்படை வந்து சேருமுன் அவர்கள் விலகினர். மாண்டோர் குடியரசின் பக்கமே மிகுதி. அச்செய்தி, பிளாயென் என்னும் சிற்றூரில் ஒளித்து வைத்திருந்த வானொலிக் கருவியின் வாயிலாகச் சுமத்ராவுக்கும், அங்கிருந்து பர்மா வழியே புதுதில்லிக்கும் எட்டியது என்பர் இந்தோனேஷிய வரலாற்றாசிரியர். இதனைப் 'பொதுத் தாக்குதல்' என மொழிபெயர்ப்பது வழக்கம். நமக்கோ 'சாட்சி சொல்லல்' என்பதே பொருத்தமாகப் படுகிறது.

சாட்சியை ஏற்பாடு செய்தவர் யார்? களத்தில் படையை நடத்தியவர் லெப்டினன்ட் கர்னல் சுகார்த்தோ. பின்னர் அவர் ஜனாதிபதியாயிருந்த நெடுங்காலம், திட்டமும் அவருடையதே எனப்பட்டது. பாதுகாப்புச் சபை மார்ச்சில் இப்பிரச்சினையை ஆராயும் என்பதை வானொலியில் கேட்டுத் தாமே தூண்டியதாக யோக்யகர்த்தா சுல்தான் ஒன்பதாம் ஹமெங்குபுவோனோ கூறினார். 2022இல் மார்ச் 1ஐச் சிறப்பு நாளாக அறிவித்த ஜனாதிபதி ஆணை சுல்தானுக்கே முதன்மை தந்தது. சுகார்த்தோவின் பெயர் அதில் இல்லை. இவ்விடுபாடும் நேர்மையன்று என்பது நம் கருத்து.

மே 7இல் உடன்படிக்கை ஏற்பட்டது. ஜூன் இறுதியில் டச்சுப் படை யோக்யகர்த்தாவை விட்டகன்றது. ஜூலையில் சுதிர்மான் பல்லக்கிலேயே நகர் திரும்பினார். டிசம்பர் 27 அன்று ஆட்சியுரிமை கைமாறியது. அதன்பின் ஒரு திங்களில், 34ஆம் வயதில், அவர் காலமானார்.