இரண்டு சுமை, ஒரே வரம்பு

பிரிட்டனில் பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் மாற்றுத்திறனாளித் தாய்க்குப் பல வழிகளில் பணம் வரலாம். சில மணிநேர வேலைக்குச் சம்பளம், பிரிந்த கணவர் தரும் தொகை, ஊனத்துக்கான உதவி. இவற்றில் எதை வருமானமாக எண்ணுகிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள் என்பதைப் பொறுத்தே அவரது மாதம் ஓடும்.

2013-இல் தொடங்கிய 'யூனிவர்சல் கிரெடிட்' என்ற அரசு உதவித் திட்டம் சில இடங்களில் தாராளமாகவே இருக்கிறது. ஊனத்தால் கூடும் செலவுக்குத் தரப்படும் 'பிப்' தொகையை அது வருமானமாகக் கொள்வதில்லை. பிள்ளைக்கு வரும் ஜீவனாம்சத்தையும் தொடுவதில்லை. மனைவிக்கென்று வருவதை மட்டும் பவுண்டுக்குப் பவுண்டு கழித்துவிடும். 'பிப்' வாங்கினால் மற்ற உதவி போய்விடுமோ என்று யாரும் அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை. மொத்த உதவிக்கு விதிக்கப்பட்ட உச்சவரம்பிலிருந்தும் 'பிப்' விலக்குத் தருகிறது.

சம்பளம் என்று வரும்போதுதான் மனம் கசக்கிறது. வாடகைக்கும் உதவி பெறுபவர் 2025-26-இல் மாதம் 411 பவுண்டு வரை சம்பாதிக்கலாம் என்றிருந்தது, அதுவரை உதவி குறையாது. அதற்கு மேல் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் கழியும். அந்தக் கணக்கில் 811 பவுண்டு சம்பாதித்தால் உதவியில் 220 பவுண்டு போய்விடும். இந்தச் சலுகை பிள்ளை வளர்ப்பவருக்கு உண்டு. உடல்நிலையால் வேலைத்திறன் குறைந்தவருக்கும் உண்டு. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருந்தால்? அப்போதும் ஒரே சலுகைதான். கடும் ஊனமுள்ளவருக்கு உதவித்தொகையில் தனியாக ஒரு பகுதி சேரலாம், உண்மை. ஆனால் உழைத்துச் சம்பாதிக்க முயல்கிறவரின் இரண்டாவது சுமையை இந்த விதி பார்க்கவே மறுக்கிறது. இதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

யூனிவர்சல் கிரெடிட்டுக்கு முந்தைய பழைய முறையில், கவனித்துக்கொள்ள வேறு பெரியவர் இல்லாத வீட்டில் வாழும் கடும் ஊனமுற்றோருக்கு ஒரு கூடுதல் தொகை இருந்தது. சிறு பிள்ளைகள் உடனிருப்பதால் அது நின்றுவிடாது. யூனிவர்சல் கிரெடிட்டில் அந்தத் தொகையே இல்லை. அதை இழந்த இருவர் வழக்குத் தொடுத்தனர். அவர்களை நடத்திய விதம் பாகுபாடு என்று 2018-இல் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய முறையிலிருந்து மாறியவர்களுக்கு இடைக்கால ஈடு வந்தது. புதிதாக விண்ணப்பிப்பவருக்கு ஒன்றுமில்லை.

அந்தக் குறையைத் தனித்தாய் வீட்டில் பிள்ளைதான் ஈடுகட்ட வேண்டியிருக்கும். அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, உடுத்த உதவி, அதன் பிறகு பள்ளிக்கு ஓட வேண்டிய பிள்ளை. எந்தக் கணக்கிலும் இந்த உழைப்பு வருவதில்லை.

இரண்டு காரணமும் உள்ளவருக்குச் சம்பள வரம்பை உயர்த்த வேண்டும். வேறு பெரியவர் இல்லாத வீட்டுக்கு அந்தக் கூடுதல் தொகையைத் திரும்பத் தர வேண்டும். இதற்காகப் புதிதாக எதையும் விசாரிக்கத் தேவையில்லை: வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், உடல்நிலை எப்படி என்று விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுகிறார்கள்.